சென்ஷியின் கிண்ணம்

வாசிப்புக் கூடுகை ஒன்றில் நண்பர் ஒருவர் என் பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "நாவலெல்லாம் படிக்கிற ஆளு, இன்னுமா பொம்மைப் புத்தகம் படிச்சிக்கிட்டு இருக்கீங்க?"

கேலிதான். கோபம் வரவில்லை. பையிலிருந்து 'டன்ஜன் மெஷி'யின் ஒரு தொகுதி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அதுல அப்படி என்னாதான் இருக்கு?" என்று அடுத்து கேட்டார்.

"சாப்பாடு," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அது பொய்யான பதில் அல்ல, பாதிப் பதில். மீதியைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. கதையின் சில முடிச்சுகளை அவிழ்க்காமல் அதைச் சொல்ல முடியாது. இனிமேல்தான் படிக்கப்போகிறேன் என்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

'டன்ஜன்' என்றால் நிலவறை. 'மெஷி' என்பது நம் 'சோறு' மாதிரியான ஒரு ஜப்பானியச் சொல். அரிசிச் சோற்றையும் குறிக்கும், மொத்தமாகச் சாப்பாட்டையும் குறிக்கும். தலைப்பைத் தமிழில் 'நிலவறைச் சோறு' என்று சொல்லிக்கொள்ளலாம். ரியோகோ குய் எழுதி வரைந்த மங்கா தொடர் இது. ஜப்பானில் 'ஹார்த்தா' என்ற இதழில் 2014இல் தொடங்கி 2023இல் முடிந்தது. மொத்தம் 97 அத்தியாயங்கள், 14 தொகுதிகள். 2024இல் இதன் அனிமே வந்தது. கூலிமில் என்னோடு வாடகை வீட்டில் இருந்த தோழி, இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து அதைப் பார்த்துக்கொண்டே பசியாறுவாள். ரொட்டி சானாயைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்கு வாரத்தில் அனிமே போதவில்லை. சம்பள நாளுக்கு ஒன்றிரண்டு என்று ஆங்கிலத் தொகுதிகளை வாங்கத் தொடங்கினேன்.

கதை இப்படித் தொடங்குகிறது. லையோஸ் என்ற வீரனின் குழு நிலவறையின் ஆழத்தில் ஒரு சிவப்பு டிராகனோடு மோதித் தோற்கிறது. தோற்றதற்குக் காரணம் பெரிய சூழ்ச்சியோ துரோகமோ அல்ல. எல்லோருக்கும் பசி. பசியில் கவனம் சிதறிவிட்டது. லையோஸின் தங்கை ஃபாலினை டிராகன் விழுங்குகிறது. விழுங்கப்படும் நேரத்திலும் அவள் மந்திரம் சொல்லி மற்றவர்களைப் பாதுகாப்பாக வெளியே அனுப்பிவிடுகிறாள். அந்த நிலவறையில் உடல் மிச்சமிருந்தால் இறந்தவரை மந்திரத்தால் மீட்கலாம். டிராகன் மெதுவாகத்தான் செரிக்கும். அதற்குள் போய்ச் சேர வேண்டும். ஆனால் மூட்டை முடிச்செல்லாம் உள்ளேயே போய்விட்டது, கையில் காசில்லை, இருவர் குழுவைவிட்டு விலகிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் மூன்று பேர். லையோஸ், மார்சில் என்ற மந்திரக்காரி, பூட்டும் பொறியும் திறக்கும் சில்சக். சாப்பாடு வாங்கக் காசில்லை என்றால் வழியில் வரும் அரக்க ஜந்துக்களைச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டே போவோம் என்கிறான் லையோஸ். மார்சில் அலறுகிறாள். அவள் அலறல் பல தொகுதிகளுக்குக் கேட்கும்.

நிலவறைக் கதைகளுக்கு ஜப்பானில் நீண்ட மரபு உண்டு. 1981இல் அமெரிக்காவில் வந்த 'விசார்ட்ரி' என்ற கணினி விளையாட்டு அங்கே பெரிதாகப் புகழ்பெற்றது. 1986இல் 'டிராகன் குவெஸ்ட்' வந்தது. அதன்பின் வீரன், மந்திரக்காரி, கள்வன் என்று ஒரு குழு நிலவறைக்குள் இறங்குவது பாட்டிக் கதை மாதிரி எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாகிவிட்டது. தம்பியோடு சேர்ந்து நானும் அந்த மாதிரி விளையாட்டுகளில் எத்தனையோ இரவுகளைக் கழித்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலும் அரக்கர்களை வெட்டினால் புள்ளி ஏறும், பொற்காசு விழும், உடல் மறைந்துவிடும். யாரும் நின்று, இது என்ன தின்னும், எங்கே முட்டையிடும், செத்தால் நாறுமா என்று கேட்பதில்லை.

இந்தத் தொடர் அதைத்தான் கேட்கிறது. அதுவும் விடாமல் கேட்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த தொடக்க கால அத்தியாயம் நடக்கும் கவசங்களைப் பற்றியது. ஆளில்லாத இரும்புக் கவசங்கள் தாமாக எழுந்து நடந்து வாள் வீசும். விளையாட்டுகளில் எல்லோரும் பார்த்ததுதான். யாரோ மந்திரத்தால் ஆட்டுவிக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். லையோஸ் சண்டையின் நடுவில் ஒன்றைக் கவனிக்கிறான். ஒரு கவசம் மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. எதையோ பாதுகாக்கிறது. பார்த்தால் அது ஒரு முட்டைக்கூடு. அப்படியானால் இது மந்திரமல்ல, உயிர். கவசத்தின் தகடுகளுக்கு உட்புறம் சிப்பி, நத்தை மாதிரியான மெல்லுடல் உயிர்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தசை போலச் சுருங்கி விரிந்து இரும்பை நடக்க வைக்கின்றன. கண்டுபிடித்ததும் அடுத்த காரியம் வழக்கமானதுதான். அடுப்பு மூட்டுகிறார்கள்.

இதைப் படித்தபோது எங்கள் தொழிற்சாலையின் ஓர் இயந்திரம் நினைவுக்கு வந்தது. நான் ஸ்கூடாயில் மெக்கானிக்கல் படித்தவள். வேலை பராமரிப்புப் பிரிவில். ஒரு லைனில் ஒரே ஓர் இயந்திரம் மட்டும் அதிகாலை 3 மணி வாக்கில் நின்றுபோகும். பகலில் நிற்காது. மறுபடி ஓட்டினால் ஓடும். இரவு ஆட்கள் அதற்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, ஒருவர் பூ வைத்தார், இன்னொருவர் யாசின் ஓதினார். என்னை அனுப்பினார்கள். 'ஐந்து ஏன்' என்று ஒரு முறை உண்டு. டொயோட்டா வழியாக உலகத்துத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் பரவியது. ஏன் நின்றது? சிலிண்டர் முழுதாக நீளவில்லை. ஏன் நீளவில்லை? காற்றழுத்தம் போதவில்லை. ஏன் போதவில்லை? இப்படியே கேட்டுக்கொண்டு போனால், பக்கத்து லைனில் அந்த நேரத்தில்தான் சுத்தப்படுத்த மொத்தமாகக் காற்றைத் திறந்துவிடுகிறார்கள் என்பதில் போய் நின்றது. பேய் இல்லை. ஒரு வால்வின் நேரத்தை மாற்றினோம், முடிந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷமும் லையோஸின் முகத்தில் குய் வரைந்திருக்கும் சந்தோஷமும் ஒன்றேதான். அந்தப் படத்தைப் பார்த்தால் தெரியும், பயம் போனதால் வந்த சந்தோஷம் அல்ல அது. இது இப்படித்தான் வேலை செய்கிறதா என்று தெரிந்ததில் வரும் சந்தோஷம்.

லையோஸ் கேட்பவன் என்றால், சமைப்பவர் சென்ஷி. குள்ள இனத்தைச் சேர்ந்த தாடிக்காரர். ஜந்துக்களைச் சமைத்துச் சாப்பிட்டே 10 வருடமாக நிலவறையில் வாழ்கிறார். இந்த மூவரும் தேளையும் நடக்கும் காளானையும் வைத்துத் திணறிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வந்து, அப்படியில்லை, இப்படி என்று சட்டியை வாங்கிக்கொள்கிறார். அதன்பின் அவர்தான் எல்லோருக்கும் சமையல்.

சென்ஷியைப் பார்த்தால் போர்க்கோடரி ஏந்திய வீரர் மாதிரி இருப்பார். ஆனால் அவருடைய அன்றாடம் ஒரு தோட்டக்காரருடையது. மண்ணால் ஆன கோலம் என்ற ராட்சத பொம்மைகள் நிலவறையில் காவலுக்கு அலையும். சென்ஷி அவற்றின் முதுகில் காய்கறி பயிரிடுகிறார். நல்ல மண், தானாக நடமாடும், திருடர்களையும் அதுவே விரட்டிவிடும். அறுவடை நாளில் அவற்றை நிறுத்திவைத்துக் காய் பறித்துவிட்டு, மறுபடி விதைத்து, எழுப்பி அனுப்பிவிடுகிறார். எந்த ஜந்துவையும் முழுதாக ஒழிப்பதில் அவருக்கு உடன்பாடில்லை. ஒன்றை எடுத்தால் இன்னொன்று பெருகும் என்பது அவர் கணக்கு. அவருக்குக் கோபம் வரும் இடங்கள் மூன்றுதான். சாப்பாட்டை வீணாக்குவது, நேரத்துக்குச் சாப்பிடாமல் இருப்பது, ஒரே வகையையே சாப்பிடுவது. அவர் தட்டில் இறைச்சி இருந்தால் கூடவே கீரையும் இருக்கும்.

இங்கேதான் எனக்குக் கதை வெறும் கதையாக இல்லாமல் போனது. ஏனென்றால் நான் ஒரு சென்ஷியின் வீட்டில் வளர்ந்தவள்.

அப்பா லாரி ஓட்டுநர். தைப்பிங்கில் எங்கள் வீடு. எனக்கு 19 வயதாகும்போது அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. இனிப்புநீர் பல வருடம் செய்த வேலை. அதன்பின் வாரம் 3 நாள், செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் டயாலிசிஸ். சமையலறை அன்றிலிருந்து ஆய்வுக்கூடமானது. சிறுநீரகம் இல்லாதவருக்குப் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்று தாதி அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அம்மா ஆறாம் வகுப்புவரைதான் படித்தவர். ஆனால் எதில் பொட்டாசியம் இருக்கிறது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னதாக வெட்டி ஊறவைப்பார், கொதிக்க வைப்பார், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார். கீரையையும் அப்படியே வடிகட்டுவார். தக்காளி கிடையாது, வாழைப்பழம் கிடையாது, இளநீர் கிடையவே கிடையாது. குடிக்கும் தண்ணீருக்கு ஒரு பச்சை பாட்டில். அதில் ஊற்றியதுதான் அன்றைய கணக்கு. இவ்வளவு தடைகளுக்கு நடுவிலும் அப்பா தட்டில் ஏதாவது ஒரு ருசி இருக்க வேண்டும் என்று அம்மா போராடுவார். வடித்த கீரையில் தாளிப்பு மட்டும் தூக்கலாக இருக்கும். நாங்களும் அதையேதான் சாப்பிட்டோம். அப்பாவுக்குத் தனியாக வைத்தால் அவர் மனசு நொந்துபோகும் என்பார் அம்மா.

2022 தீபாவளிக்கு நான் வீட்டுக்கு வந்திருந்தேன். தீபாவளி முடிந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவை ஏரிப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். மழை மரங்கள் ஏரித் தண்ணீரைத் தொடுகிற மாதிரி சாய்ந்திருக்கும் அந்தச் சாலை அவருக்குப் பிடித்த இடம். காரைவிட்டு இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். திரும்பும் வழியில் ஒட்டுக்கடை ஒன்றைப் பார்த்துச் சொன்னார்.

"எளநி குடிச்சி எத்தன வருசமாச்சி தெரியுமா, பாப்பா?"

அவர் கேட்கக்கூட இல்லை. சொன்னார், அவ்வளவுதான். நான்தான் வண்டியை நிறுத்தினேன். ஒன்று வாங்கி, பாதியை நான் குடித்துவிட்டு மீதியைக் கொடுத்தேன். அவர் ஒரே மூச்சில் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். "அம்மாகிட்ட சொல்லாத," என்றார். நாங்கள் இருவரும் சிரித்தோம்.

திங்கட்கிழமை இரவு தூக்கத்திலேயே போய்விட்டார். மறுநாள் காலை டயாலிசிஸ் இருந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. சிறுநீரகம் போனவர், வயசு 58, எல்லோரும் எதிர்பார்த்ததுதான் என்பது போலக் காரியங்கள் நடந்தன.

நான் கூலிமுக்குத் திரும்பினேன். இயந்திரம் நின்றால் ஐந்து முறை ஏன் என்று கேட்பது என் வேலை. இதை ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் முதல் ஏனிலேயே அந்த இளநீர் வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். விடுமுறைக்கு வீட்டுக்குப் போவேன், வருவேன். அம்மா சமையலைக் குறைத்துவிட்டார். ரசம்கூட வைப்பதில்லை. ஒத்த ஆளுக்கு எதுக்கு என்பார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

இந்த மனநிலையில்தான் சென்ஷியின் சூப் வந்து சேர்ந்தது.

தொடரின் பாதியில், ஒரு கிரிஃபின் குழுவைத் தாக்குகிறது. கழுகின் தலையும் சிங்கத்தின் உடலும் கொண்ட ஜந்து. எதற்கும் அசராத சென்ஷி இதைக் கண்டு நடுங்குகிறார். ஏன் என்று பிறகுதான் சொல்கிறார். இளவயதில் அவர் ஒரு சுரங்கக் குழுவோடு இந்த நிலவறைக்குள் வந்தவர். வழி அடைபட்டது, சாப்பாடு தீர்ந்தது, கிரிஃபின் ஒவ்வொருவராகக் கொன்றது. கடைசியில் மூன்று பேர். பெரியவர்கள் இருவரும் சண்டையிடும் சத்தம் கேட்கிறது. பிறகு ஒருவர் மட்டும் திரும்பி வருகிறார், கையில் இறைச்சியோடு. கிரிஃபினைக் கொன்றுவிட்டேன், மற்றவர் அதோடு போராடி இறந்துவிட்டார் என்கிறார். சூப் வைக்கிறார். பசியில் செத்துக்கொண்டிருந்த சிறுவன் சென்ஷி அதைக் குடித்துப் பிழைக்கிறான். சமைத்தவரும் பிறகு வெளியே போனவர் திரும்பவில்லை.

அந்தக் கிண்ணத்தில் இருந்தது என்ன? கிரிஃபினா, அல்லது திரும்பி வராத அந்த மனிதரா? சென்ஷி பல பத்தாண்டுகளாக அதைச் சுமந்திருக்கிறார். தெரிந்துகொள்ள ஒரே வழி கிரிஃபின் இறைச்சியைச் சுவைத்துப் பார்ப்பது. அதைத்தான் அவர் செய்யவே இல்லை. எந்த ஜந்துவையும் தின்று பார்த்துவிடும் மனிதர், அதை மட்டும் தவிர்த்துக்கொண்டே வாழ்ந்துவிட்டார்.

அந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்தேன். அடுத்த ஷிஃப்டுக்குப் போய்விட்டு வந்துதான் மறுபடி திறந்தேன்.

இப்போது கிரிஃபின் செத்துக் கிடக்கிறது. சென்ஷி அதைச் சமைத்துத் தரச் சொல்கிறார். குடிக்கிறார். வேறு ருசி. அன்று குடித்தது இது அல்ல.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பார்க்கிறேன். தோளில் கை வைத்து, அப்போ நீங்க சின்னப் பிள்ளைதானே, உங்க தப்பு இல்ல, மறந்துடுங்க என்று சொல்லியிருப்போம். நல்ல சொற்கள்தான். துக்க வீட்டில் நூறு பேர் என்னிடமும் சொன்னார்கள். அவர்களில் யாருக்கும் இளநீரைப் பற்றித் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

லையோஸ் அப்படிச் செய்யவில்லை. மனிதர்களோடு பேசத் தெரியாதவன் என்று தொடர் முழுக்கத் திட்டு வாங்குகிறவன் அவன். அவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஆனால் கேள்வியை மதிக்கத் தெரியும். அன்று உங்களைத் தாக்கியது கிரிஃபின்தான் என்று எப்படித் தெரியும் என்று யோசிக்கிறான். கிரிஃபினுக்கு நெருங்கிய இனம் ஒன்று உண்டு. ஹிப்போகிரிஃப், பின்பாதி குதிரை. பயத்தில் இருப்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள முடியும். அங்கே வளரும் ஒரு வகைக் காளான், ஓர் உயிரை அதற்கு நெருக்கமான இன்னோர் இனமாக மாற்றிவிடும் தன்மை கொண்டது. அதை வைத்துக் கிரிஃபின் இறைச்சியை ஹிப்போகிரிஃப் இறைச்சியாக மாற்றுகிறான். மறுபடி சூப் வைக்கிறார்கள். சென்ஷி கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடிக்கிறார்.

அதேதான். அன்று குடித்ததேதான். தாடிக்குள் கண்ணீர் வழிகிறது.

பரிசோதனை ஒன்றை அன்பின் செயலாக இதற்கு முன் நான் எங்கும் படித்ததில்லை. இந்தத் தொடரை எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதன் மீதிப் பதில் இதுதான். இதில் ஒருவர் இன்னொருவர்மேல் வைத்திருக்கும் பிரியம், சாப்பிட்டாயா என்று கேட்பதிலும், அது என்ன என்று நின்று பார்ப்பதிலும்தான் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று ரியோகோ குய் நினைக்கிறார் போலும். எவ்வளவு அருவருப்பானதாக இருந்தாலும் சட்டியில் போடு, பிரித்துப் பார், எந்தப் பகுதி விஷம், எந்தப் பகுதி உணவு என்று கண்டுபிடி. தேளுக்குச் சொன்ன அதே விதியை சென்ஷியின் மனசுக்கும் பொருத்துகிறார்.

ஆனால் லையோஸ் போய்ச் சொல்லுமுன், உண்மை வேறு மாதிரி இருந்திருந்தால்? அந்தக் கிண்ணத்தில் இருந்தது மனிதராகவே இருந்திருந்தால்? அதை நான் பல நாள் யோசித்தேன். கதை அந்தப் பக்கம் போகவில்லை. ஒருவகையில் அது கதை கொடுக்கும் சலுகை. நமக்கு அந்தக் காளான் கிடைக்காது.

2024 தீபாவளிக்கு வீட்டுக்குப் போனேன். இரவு சமையலறையில் அம்மா முறுக்கு டின்களை மூடிக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வேலையில் கேட்பது மாதிரியே கேட்டுவிட்டேன்.

"அம்மா, அப்பா அந்தக் கடைசி வாரம் என்னென்னா சாப்ட்டாரு?"

அம்மா மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "இப்ப எதுக்கு அது?"

"நான் அவருக்கு எளநி வாங்கிக் குடுத்தேம்மா. ஞாயித்துக்கெழம."

சொல்லிவிட்டேன். இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா திட்டுவார் என்று நினைத்தேன், அழுவார் என்றும் நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் ரசம் வச்சிக் குடுத்தேன்," என்றார். "தக்காளி போட்டு. ரெண்டு தக்காளி. ஆறு வருசமா கேக்காத மனுசன், அன்னிக்கி காரமா ஒரு ரசம் வையேன்னு கேட்டாரு. திங்கக்கெழம மத்தியானம்."

வீட்டில் ஏன் ரசம் இல்லாமல் போனது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மின்கட்டண பில் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினோம். சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து ரொட்டியும் கோப்பியும். சனி இரவு விருந்தாளிகள் வந்ததால் ஊறவைக்காத உருளைக்கிழங்கு போட்ட ஆட்டுக்கறி. ஞாயிறு மதியம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொடுத்த பிரியாணி. சாயங்காலம் அரை இளநீர். திங்கள் ரசம். ஜொகூரில் இருந்த தம்பிக்குப் போன் போட்டோம். விஷயத்தைச் சொன்னதும் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஐஸ் கச்சாங்," என்றான். "வெள்ளிக்கெழம பாசார் மாலாம்ல. ஒரு முழு கிண்ணம். அம்மாகிட்ட சொல்லாதன்னாரு."

அம்மா சிரித்துவிட்டார். அழுகையும் கூடவே வந்தது. "எல்லார்கிட்டயும் அதேதான் சொல்லிருக்காரு, பாரு."

அந்தப் பட்டியலை டயாலிசிஸ் மையத்தின் மூத்த தாதியிடம் காட்டினேன். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் வரும் நீண்ட இடைவெளி எப்போதுமே ஆபத்தானது என்றார். அப்பாவின் இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தது என்பதை நினைவூட்டினார். இதில் எது என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா," என்றார். "இதுல ஒன்னா இருக்கலாம், எல்லாமா இருக்கலாம், எதுவுமே இல்லாமயும் இருக்கலாம்." நேர்மையான பதில். என் ஐந்து ஏன்களில் மூன்றாவதோடு நின்றுவிட்டது.

சென்ஷிக்குக் கிடைத்தது எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மூன்று பேர் மூன்று ஊரில் தனித்தனியாக மூடி வைத்திருந்த கிண்ணங்கள் ஒரே மேசைக்கு வந்தன. அந்த வாரத்தில் அப்பா விரும்பியதையெல்லாம் சாப்பிட்டிருக்கிறார் என்பதும் அந்தப் பட்டியலில்தான் எனக்குத் தெரிந்தது. அது யாருடைய தப்பு என்று தேடி எழுதிய தாள். இப்போது அதை எடுத்துப் படித்தால் அவருடைய மெனு மாதிரி இருக்கிறது.

தொடரின் முடிவும் ஒரு பெரிய பந்திதான். ஃபாலினை மீட்கும் கடைசி வழி, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டு முடிப்பதில் வந்து நிற்கிறது. பகையாளிகள், பல இனத்தார், முன்பின் தெரியாதவர்கள் எல்லோரும் தட்டோடு வருகிறார்கள். மேற்கொண்டு சொல்லமாட்டேன். லையோஸுக்கு அங்கே கிடைப்பதும் அவன் முழுதாக விரும்பியது அல்ல. இந்தத் தொடர் யாருக்கும் முழு வயிறு கொடுத்து அனுப்புவதில்லை, அடுத்த வேளைக்குப் பசிக்கும் என்ற உறுதியோடுதான் அனுப்புகிறது.

போன மாதம் அம்மா கூலிமுக்கு வந்து இரண்டு நாள் தங்கினார். நான் வேலையிலிருந்து வந்தபோது முதல் தொகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஆங்கிலம் தெரியாது, படம் மட்டும் பார்க்கிறார். தேளை வெட்டும் பக்கத்தில் விரலை வைத்திருந்தார்.

"இந்தப் பையனுக்கு ஒன்னுமே தெரியல," என்றார் லையோஸைக் காட்டி. "கொடல எடுக்காம அப்படியே சட்டில போடறான் பாரு."

அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். சென்ஷி வந்து தேளை வாங்கி, வாலை வெட்டி, குடலை எடுத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார்.

"ம்ம். இந்தத் தாடிக்காரரு சரியாத்தான் செய்றாரு," என்றார். "சரி, வா. ரசம் வச்சிருக்கேன். சூடு ஆறிடும்."